கிராணியார் வீட்டு ஈரத் தலை

என் வீட்டுக்காரர் தக்காளியை நம்பமாட்டார். வெள்ளரிக்காயை நம்பமாட்டார். கொத்தமல்லிக் கட்டைப் பார்த்தால் போலீஸ்காரர் திருடனைப் பார்ப்பது போலப் பார்ப்பார். பாசாரிலிருந்து எது வந்தாலும் ஊதாத் தண்ணீரில் முக்கி எடுத்த பிறகுதான் அடுப்படிக்குள் நுழைய அனுமதி. பெர்மாங்கனேட் என்ற கரிய உப்பை ஒரு சிட்டிகை போட்டால் வாளித் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். அதுதான் அந்த ஊதாத் தண்ணீர். வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததிலேயே ரயிலுக்கு அடுத்தபடி உருப்படியான விஷயம் அதுதான் என்பார்.

அவர் மலாய் நாட்டு ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்களுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வரிசை வீடு கொடுத்திருந்தார்கள். முன்னால் சாலை, பின்னால் சந்து, சந்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் வாசக சாலையில் சுகாதாரம் பற்றிச் சொற்பொழிவு செய்வார். கேட்க ஆறேழு பேர் வருவார்கள். அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக வருகிறவர்கள்.

நான் அவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளை இல்லை. அவருடைய படம் கூடத்தில் தொங்கும், வெள்ளிக்கிழமைகளில் நான்தான் பூ வைப்பேன். அந்த அம்மாவிடம் எனக்கு ஒரு பொறாமையும் கிடையாது. அவர் விட்டுப்போன பாத்திரங்களை வைத்துத்தான் குடித்தனம் தொடங்கினேன். அதில் ஒரு பெரிய எனாமல் தொட்டி, உள்ளே சுற்றிலும் பழுப்புக் கறை ஏறியது. ஊதாத் தண்ணீர் காய்ந்தால் அப்படித்தான் கறை பிடிக்கும். காய்கறி கழுவிய தொட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி ஒரு வருடம் போயிருக்கும். எனக்கு அரிப்பு ஆரம்பித்தது. எங்கே என்று எழுத இன்றும் கை கூசுகிறது. பெண்கள் புரிந்துகொள்வார்கள், ஆண்கள் மனைவியைக் கேட்டுக்கொள்ளட்டும். வெள்ளைப்படுவது எல்லாப் பெண்ணுக்கும் உள்ளதுதான். இது அப்படியில்லை. மஞ்சளும் பச்சையுமாக, நுரைத்துக்கொண்டு, கெட்ட வாடையோடு வந்தது. சிறுநீர் கழித்தால் மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்த மாதிரி எரிந்தது.

எங்கள் வரிசையில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான்: சூடு. பக்கத்து வீட்டில் ரயில் கார்டின் மனைவி இருந்தார், நாங்கள் எல்லாரும் கார்டு அக்கா என்று கூப்பிடுவோம். அந்தச் சந்தின் அரசாங்கமே அவர்தான். அவருக்கும் வருடக்கணக்காகச் சூடுதானாம். வெந்தயம் ஊறப்போட்டுக் குடிக்கச் சொன்னார், சோற்றுக் கற்றாழையை மோரில் போட்டுக் குடிக்கச் சொன்னார், இளநீர் குடிக்கச் சொன்னார். குடித்துக் குடித்து வயிறு ஊதியதே தவிர அரிப்பு அப்படியே இருந்தது.

கடைசியில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சூட்டை நம்பாதவர். "சுத்தம் போதல. தொட்டியில ஊதாத் தண்ணி ஊத்தி உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். தக்காளிக்கும் எனக்கும் ஒரே வைத்தியம். வேட்டி துவைக்கும் டோபியை நிறுத்தினார், பின்புறக் கழிவறைக் கதவின் தாழ்ப்பாளைக்கூட ஊதாத் தண்ணீரால் துடைக்க வைத்தார். வீடே பழுப்பாகியும் எனக்கு ஒரு குணமும் தெரியவில்லை. அதற்குமேல் பொறுக்க முடியாமல், அண்ணனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். அது என் பிறந்த ஊர். அங்கே ஒரு சீன லேடி டாக்டர் இருக்கிறார் என்று அண்ணி முன்பே சொல்லியிருந்தார்.

அந்த டாக்டர் தமிழ் பேசுவார். சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலிருந்து வரும் பால்மரத் தொழிலாளிகளிடம் கற்ற தமிழ். அதனால் அதில் 'நீங்க' என்ற சொல்லே கிடையாது, துரையாக இருந்தாலும் துரைசாணியாக இருந்தாலும் 'நீ'தான். என்னைப் படுக்க வைத்துப் பார்த்தார், ஒரு கண்ணாடித் துண்டில் கொஞ்சம் எடுத்தார், மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார். பிறகு என்னையும் வந்து பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். வெளிச்ச வட்டத்துக்குள் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. முந்திரிப்பழ உருவம், ஒரு முனையில் மெல்லிய முடிகள். சும்மா நீந்தவில்லை, துடித்துத் துடித்து, சந்தைக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு போகிறவர்கள் மாதிரி போயின. எனக்கு அருவருப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. நான் வெந்தயம் வெந்தயமாய்க் குடித்ததெல்லாம் இவற்றுக்கு விருந்தா என்று தோன்றியது. கூடவே பெரிய நிம்மதியும் வந்தது. இது சூடு இல்லை, அசுத்தம் இல்லை, நான் செய்த பாவமும் இல்லை. பெயர் சொல்லக்கூடிய ஒரு பூச்சி.

டாக்டர் விளக்கினார். இது தாழ்ப்பாளிலிருந்தோ டோபியிடமிருந்தோ வருவதில்லை, புருஷனும் பெண்டாட்டியும் சேரும்போது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவது. ஆண் உடம்பில் பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும், அரிப்பு எரிச்சல் எல்லாம் பெரும்பாலும் பெண்ணுக்குத்தான். பெரிய டாக்டர்களே இதைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றும், தான் கண்ணால் பார்த்ததைச் சொல்வதாகவும் சொன்னார். கழுவ மருந்து கொடுத்தார், உள்ளே வைக்கப் பொடி கொடுத்தார். அதன்பிறகு சொன்னதுதான் இடி.

"உனக்கு மட்டும் மருந்து குடுத்தா பத்தாதுலா. உன் புருஷனக் கூட்டிட்டு வா. அவன் வர்ற வரைக்கும் கிட்ட சேக்காத. சேத்தா திரும்பியும் வரும்."

ரயிலில் வரும் வழியெல்லாம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அழகாகச் சொல்ல வழியே இல்லை. இரவு சாப்பாடு முடிந்ததும் அப்படியே சொல்லிவிட்டேன்.

அவர் முகத்தை நான் மறக்கவே மாட்டேன். நாளுக்கு இருமுறை குளிக்கிறவர், நகத்தை வாரம் தவறாமல் வெட்டுகிறவர், தக்காளியைச் சந்தேகிக்கிறவர். அவருக்குள் பூச்சியா? தனக்கு ஓர் அரிப்பும் இல்லையே என்றார், கிள்ளான் டாக்டருக்கு என்ன தெரியும் என்றார், மைக்ராஸ்கோப்பில் தூசியைக் காட்டி ஏமாற்றியிருப்பாள் என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நீ வேணும்னா உங்க அண்ணன் வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வாயேன்."

கைப்பிள்ளையும் இல்லாமல், வயிற்றிலும் இல்லாமல் ஒருத்தி அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தால் எங்கள் வரிசையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். புருஷன் தள்ளி வைத்துவிட்டான். எதற்கு என்று கார்டு அக்கா கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடிக்காவிட்டால் உண்டாக்குவார். இவரைத் தவிர வேறு ஆணின் நிழலைக்கூட அறியாதவள் நான். பழி மட்டும் என் தலையில் விழப் போகிறது. இவர் டாக்டரிடம் வந்தால் எனக்குத் தீரும், வராவிட்டால் ஒன்று அரிப்போடு இவரோடு இருக்க வேண்டும், இல்லை அவமானத்தோடு அண்ணனோடு இருக்க வேண்டும்.

ஊருக்கும் போகக் கூடாது, கிட்டவும் சேர்க்கக் கூடாது. கிட்ட வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணுக்கு இருந்தது? அழுதுகொண்டே தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் வழி கிடைத்தது.

எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் கணவன் மனைவி சேரக் கூடாது என்பது நம் வீடுகளில் உள்ள கட்டுப்பாடு. சேர்ந்தால் நரம்பு தளர்ந்துபோகும் என்று அவருடைய அம்மா சொல்லி வளர்த்திருந்தார். கிருமி, விஞ்ஞானம் என்று மேடையில் முழங்குகிறவர்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அம்மா பிள்ளை. பெண்களுக்கு எண்ணெய் நாள் செவ்வாயும் வெள்ளியும். ஆண்களுக்குப் புதனும் சனியும். ஆக நாலு நாள் தானாகவே கழிந்தது. திங்கள் சோமவார விரதம், வியாழன் குரு விரதம் என்று தலை முழுகினேன். மிச்சம் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்தால் அழகு போய்விடும் என்பார்கள். போகட்டும் என்று தேய்த்தேன். பழக்க தோஷத்தில் அவருடைய எண்ணெய் நாட்களிலும் என் தலையை நனைத்து வைத்தேன். அவர் வாயைத் திறந்து ஒன்றும் கேட்க முடியவில்லை, பக்தியையும் எண்ணெயையும் யார் குறை சொல்வது? எனக்குத்தான் ஜலதோஷம் பிடித்தது.

தினமும் காலையில் தும்மிக்கொண்டே பின் சந்தில் நின்று கூந்தலை உலர்த்துவேன். ஒரு வாரம் போனதும் குழாயடிப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் கார்டு அக்கா என் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ராத்திரி கொஞ்சம் தூங்கவும் செய்யணும்மா என்றார். ஜலதோஷத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தபோதுதான் புரிந்தது.

நம்மிடம் இன்னொரு கட்டுப்பாடும் உண்டே. இரவில் கணவனோடு சேர்ந்தவள் மறுநாள் காலை தலை முழுகாமல் அடுப்படிக்குள் போகக் கூடாது. எங்கள் சந்தில் யார் வீட்டில் சமாதானம், யார் வீட்டில் சண்டை என்பதைக் காலைத் தலைகளைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நான் இதை எப்படி மறந்தேன் என்றே தெரியவில்லை. எண்ணெய்க் குளியல் என்று விளக்கப் பார்த்தேன். எவளாவது தினமும் எண்ணெய் தேய்ப்பாளா, எண்ணெயைச் சாக்கு வைத்து மறைக்கிறாள் என்றார் கார்டு அக்கா. அவர் சொன்னால் தீர்ப்பு. எந்தக் குளியலால் அவரை நான் தள்ளி வைத்திருந்தேனோ, அதே குளியலால் ஊர் எங்களைப் புது மாப்பிள்ளை பெண்ணுக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டது.

சந்தில் பெண்கள் சொன்னதை வீட்டில் ஆண்கள் கேட்டார்கள், வீட்டில் கேட்டதை ரயில்வே ஆபீஸில் பேசினார்கள். வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் சிரித்தார்கள், பேசாதவர்கள் பேசினார்கள். தலைமைக் கிராணி ஒரு நாள் அவரைத் தனியாக அழைத்துப்போய், என்ன லேகியம் சாப்பிடுகிறீர் என்று விசாரித்தாராம். விஷயம் புரிய இவருக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது. புரிந்தபின் மறுத்தாரா? மறுக்கவில்லை. எல்லாம் சுத்தமான வாழ்க்கையால் வருவது என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த வாரம் எங்கள் வரிசையில் பல வீட்டுத் தக்காளிகள் ஊதாத் தண்ணீரில் குளித்தன. ஞாயிற்றுக்கிழமை வாசக சாலையில் உட்கார இடமில்லை. சன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்களாம். மின்விசிறிக்காக வந்தவர்கள்கூடத் தூங்கவில்லையாம். பல வருடமாக நாற்காலிகளிடம் பேசிக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு சபை கிடைத்துவிட்டது. நடையே மாறிப்போனது. எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தார், ஆனால் இரவானால் பாவம், எண்ணெய் வாடையை முகர்ந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஊர் பாராட்டு அவருக்கு, அரிப்பு எனக்கு. மருந்தால் சற்றுக் குறைந்திருந்தது. அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுச் சொற்பொழிவு பெரிய ஏற்பாடு. செந்தூல் ரயில்வே பட்டறையிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள் என்றார். வியாழன் மாலை கண்ணாடி முன் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தார். கதவருகில் போய் நின்றேன். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

"நாளைலேருந்து நான் தலைய நனைக்க மாட்டேங்க. அடுப்படியில பாய் போட்டுப் படுத்துக்குறேன். காலையில காஞ்ச தலையோடதான் குழாயடிக்குப் போவேன். நீங்க கிள்ளானுக்கு வர்ற வரைக்கும் அப்படித்தான்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்துகொண்டார். வெள்ளி காய்ந்த தலை, சனி காய்ந்த தலை, ஞாயிறு மாலை வாசக சாலையில் காலி நாற்காலி. கணக்கு அவர் முகத்தில் ஓடியது. ஏறக்குறைய அரை மணி நேரம் வீட்டுக்குள் நடந்தார். பிறகு கேட்டார்:

"கிள்ளானுக்கு மொத ரயில் எத்தன மணிக்கு?"

ரயில்வே கிராணி என்னிடம் ரயில் நேரம் கேட்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். டாக்டர் அவரைப் பார்த்ததும், வா, உக்காரு, வாயத் திறக்காம கேளு என்றார். 'சார்' என்று கேட்டே பழகிய காது சிவந்துபோனது. திரைக்குப் பின்னால் டாக்டரின் உதவியாளான ஆண் டிரெசர் ஒருவர் அழைத்துப்போய் வேண்டியதை எடுத்து வந்தார். ஆணிடம் இதைக் கண்டுபிடிப்பது சுலபமில்லையாம். டாக்டர் கண்ணாடித் துண்டை இங்கும் அங்கும் நகர்த்தி ரொம்ப நேரம் தேடினார். தேடத் தேட இவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் நான் அண்ணன் வீட்டிலேயே இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"தோ, ஓடுது. வந்து பாரு" என்றார் டாக்டர்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். நிமிரவே இல்லை. கடைசியில் மேடைத் தமிழில் மெதுவாகக் கேட்டார்: "இவை என்னுடையவையா?"

"பின்ன, என்னோடதா?" என்றார் டாக்டர்.

யார் முதலில் யாருக்குக் கொடுத்தது என்று மைக்ராஸ்கோப் சொல்லாது, சண்டை போடாதீர்கள் என்றும் டாக்டர் சொன்னார். பிறகு அவருக்கு வைத்தியம் எழுதினார். இன்று இதற்கு மாத்திரை வந்துவிட்டது, புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக விழுங்கினால் முடிந்தது. அன்று ஆணுக்கு உள்பக்கம் கழுவி எடுக்க வேண்டும். சின்னப் பீச்சாங்குழல் மாதிரி ஒன்றை வைத்து, மிகவும் நீர்க்கக் கரைத்த மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். டிரெசர் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஊதா நிறம். நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் ரயிலில் அவரைக் கிண்டல் செய்ய ஒரு வாரத்துக்குப் போதுமான பேச்சு என்னிடம் இருந்தது. அவர் சன்னல் வழியாக ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் சொன்னார்:

"அவளுக்கும் இருந்துச்சு."

யாருக்கு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"மொதல்ல இருந்தவளுக்கு. அரிக்குதுன்னு அழுவா. சுத்தமா இல்லன்னு நான் ஏசுவேன். சாகுற வரைக்கும் ஏசுனேன்."

கிண்டல் எல்லாம் மறந்துபோனது. அந்த எனாமல் தொட்டி கண்முன் வந்தது. அந்தப் பழுப்புக் கறை காய்கறியால் வந்ததல்ல. எனக்கு முன்னால் ஒருத்தி அதில் உட்கார்ந்திருக்கிறாள், என்னைப் போலவே எரிச்சலோடும் ஏச்சோடும், கிள்ளான் டாக்டரும் இல்லாமல், காய்ந்த தலையைக் காட்டி மிரட்டும் வழியும் தெரியாமல். எனக்கு அந்த அம்மாவுக்காக அழுகை வந்தது. வீட்டுக்காரரும் அழுதார். எதிரில் இருந்த மலாய்க்கார அம்மாள் எங்கள் வீட்டில் ஏதோ சாவு என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் ரம்புத்தான் பழம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். அன்று வெள்ளிக்கிழமை, படத்துக்கு அவரே பூ வைத்தார்.

வைத்தியம் இழுத்தடித்தது. அதுவரை விலகியே இருக்க வேண்டும். ஆனாலும் நான் காலையில் தலையை நனைத்துக்கொண்டுதான் போனேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். எனக்காகக் கிள்ளான்வரை வந்த மனிதருக்கு ஒரு சபையாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் டாக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இனிமேல் ஒன்றுமில்லை, போ என்றார். அன்றிரவு சேர்ந்திருந்த களைப்பில் மறுநாள் காலை நான் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது நேரமாகிவிட்டது, குளிக்காமல் வாளியோடு குழாயடிக்கு ஓடினேன். கார்டு அக்கா என் தலையைப் பார்த்தார். காய்ந்த தலை. அவர் கண்ணில் அப்படி ஓர் இரக்கம்.

சண்டையா என்று தணிந்த குரலில் கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்ததும், மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, அவருடைய வருடக்கணக்கான சூட்டைப் பற்றிக் கேட்டேன். என்ன நிறம், என்ன வாடை, எப்படி எரியும் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எல்லாம் நான் அறிந்ததாகவே இருந்தது. பூச்சியைப் பற்றி, டாக்டரைப் பற்றி, கார்டையும் கூட்டிக்கொண்டு போனால்தான் தீரும் என்பதைப் பற்றி, ஈரத் தலையின் உண்மைக் கதை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சந்தின் அரசாங்கம் தன் வாளி நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை. கார்டு வரவே மாட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, குழாயடியில் கார்டு அக்காவின் தலை ஈரமாக இருந்தது. வெள்ளியும் ஈரம். சனியும் ஈரம். அவரே ஒரு தும்மல் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூணு நாளும் சரியாப் போயிருச்சு தங்கச்சி. நாளைக்கு ஞாயித்துக்கெழம. அதுக்கு மட்டும் அவருகிட்ட என்னன்னு சொல்றது?"